இடப்பக்கம் மேலே

சூலூர்பேட்டையில் கடைசி யூனிட் வண்டி போய்விட்டது.
தராசு சரிபார்ப்பது என் வேலை.
கம்பெனியில் ஏழு தராசு,
ஆறு ஒழுங்கு, ஒன்று நாற்பது கிராம் பொய் சொன்னது.
அந்த நாற்பது கிராமுக்காக
ராத்தங்கல்.

தடா மேம்பாலம் இறங்கி, லாரி டயர் கடைக்குப் பின்னால்
மூன்று மொழியில் ஒரு பலகை.
ஜப்பான் எழுத்து எனக்குப் படம்,
தெலுங்கை எழுத்துக்கூட்டிவிடுவேன்,
பிழை தமிழில் மட்டும்: 'தங்கும் விடுத்தி'.
வாடகை தொள்ளாயிரம், குளியல் சேர்த்து.

கதவைத் திறந்த பென்சலய்யா
முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.
செருப்பு இங்கே. இந்த ஸ்லிப்பர் நடைக்கு.
பாய்மேல் எதுவும் கூடாது.
கக்கூசுக்கு வேற ஸ்லிப்பர், அது உள்ளேயே இருக்கும்,
வெளியே வரக்கூடாது தல்லி, வரவே கூடாது.
நகோயாவில் ஒரு சத்திரத்துச் சமையலறையில்
பதினோரு வருஷம் மீன் அரிந்தவராம்.
என் எடைக்கல் பெட்டியைத் தூக்கிப் பார்த்து
இருபது கிலோ என்றார்.
இருபத்தொன்று என்றேன், பெட்டியோடு.
பாய் பள்ளமாகும் என்று
அதையும் செருப்போடு நிறுத்திவிட்டார்.
அரசாங்க முத்திரை குத்திய கற்கள்
அன்றிரவு
என் ரப்பர் செருப்புக்குக் காவல்.

அறையில் ஒன்றுமில்லை.
கட்டிலைத் தேடினேன்,
சுவருக்குள்ளிருந்து மெத்தையை எடுத்து விரித்தார்.
தலையணைக்குள் உமியோ பயறோ,
அமுக்கினால் அரிசி களைகிற சத்தம்.
ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் காகிதம்.
அதன்மேல் லாரி வெளிச்சம்
நெல்லூருக்குப் போய்க்கொண்டே இருந்தது.

குளியலுக்கு முறை உண்டு. எனக்கு ஒன்பதே கால்.
சவுக்கு விறகில் காய்ந்த தண்ணீர், சிமெண்ட் தொட்டி.
வெளியே தேய்த்துக் குளித்துவிட்டுத்தான்
உள்ளே இறங்க வேண்டுமாம்.
குளித்து முடித்தபின் குளிக்கப் போவது!
கழுத்துவரை மூழ்கினேன்.
எதற்கும் எடையில்லை அங்கே.
என் தொழிலுக்கு ஆகாத இடம்.

பிறகு அந்த நீல அங்கி.
எதிரே வந்த பென்சலய்யா பதறி,
தொடாமல், காற்றில் கட்டிக் காட்டினார்:
இடப்பக்கம் மேலே வரணும்.
வலப்பக்கம் மேலே வந்தால்
பிணத்துக்குக் கட்டுகிற கட்டு.
அறைக்கு ஓடி மாற்றிக் கட்டினேன்.
அதுவரை ஒரு நான்கு நிமிடம்
செத்துப்போய்த்தான் நடந்திருக்கிறேன்,
நல்ல பசியோடு.

(மிசோ சாறு, சோறு, கோங்குரா ஊறுகாய்.
இரண்டாம் முறை சோறு கேட்டேன்.)

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, வீடு ஆடியது.
முதலில் காகிதக் கதவு விர்ரென்றது,
பிறகு தரை, பிறகு என் பல்.
நடையில் மொரிதா,
கன்வேயர் பெல்ட் பொருத்த வந்த ஒல்லி மனிதர்,
ஒரே சொல்லைக் கத்திக்கொண்டு ஓடினார்.
சொல் தெரியாது. ஓட்டம் புரிந்தது.
நானும் ஓடினேன். இருட்டில் என் முழங்கை
கதவுக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

வாசலில் நின்றோம்.
ஏரிக்கு அந்தப்பக்கம், ஸ்ரீஹரிகோட்டாவுக்கு மேலே
ஒரு கங்கு சாய்ந்து ஏறிக்கொண்டிருந்தது.
ராக்கெட்டு, என்றார் பென்சலய்யா,
பால்காரர் வந்துவிட்டார் என்பதுபோல.
அதையே ஜப்பானியத்தில் மூன்று தரம் சொன்னார்.
மொரிதா வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்,
தரையைத்தான் அதிக நேரம்.
ஒரு காலைத் தூக்கி மெல்ல வைத்தார்,
நம்பலாமா என்று மண்ணைக் கேட்பதுபோல.

அவர் காலில் கக்கூஸ் ஸ்லிப்பர்.
வாசலில், ஈர மணலில்,
வரவே கூடாத இடத்தில்.

நான் பார்த்தேன். பென்சலய்யாவும் பார்த்தார்.
பார்த்துவிட்டு, வானத்தைக் காட்டி
இன்னும் தெரியுது பாருங்க என்றார்.
தெரியவில்லை.
மூவரும் பார்த்தோம்.

காலையில் கிழிசல்மேல் ஒரு சதுரம் ஒட்டியிருந்தது,
தெலுங்கு நாள்காட்டியில் கிழித்த போன மாத அமாவாசை.
பில்லில் அதற்கு ஒன்றும் இல்லை.
தொள்ளாயிரம், குளியல் சேர்த்து.
பின்கட்டுச் சுவரில்
அலம்பிய ஒரு ஜோடி ஸ்லிப்பர்
வெயிலில்.

ஆரம்பாக்கம் பஸ்ஸில்
பெட்டியைக் காலடியில் வைத்தபிறகுதான் கவனித்தேன்,
பனிக்குத் துப்பட்டாவைப் போர்த்தியிருக்கிறேன்,
இடப்பக்கம் மேலே.